முப்பத்தொன்றாவது தலை

ஜூன் பிறந்தால் மாவிலக்குன்னில் மழையும் பள்ளிக்கூட ஆசிரியர்களும் சேர்ந்தே வீடு வீடாக வருவார்கள். மழை கேட்காமல் வரும். ஆசிரியர்கள் "ஒரு குழந்தையைத் தாங்க" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் அவர்களோடு ஒரு ஆட்டோக்காரியும் வந்தாள்.

அவள் பெயர் சஜினி. ஆட்டோவின் பெயர் அக்ஷரா. ஸ்டாண்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "டீச்சரே" என்றுதான் கூப்பிடுவார்கள். அது பாதி கேலி, பாதி உண்மை. கல்யாணத்துக்கு முன்னால் மாவிலக்குன்னு எல்.பி. ஸ்கூல் என்ற தொடக்கப் பள்ளியில் ஒரு டீச்சர் பிரசவ லீவில் போனபோது, அந்த இடத்தில் சஜினி சில மாதங்கள் பாடம் நடத்தினாள். லீவு முடிந்து அந்த டீச்சர் திரும்பி வந்த அன்று சஜினி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு இறங்கினாள். பிறகு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

ஆனால் அந்தச் சில மாதங்கள் வீண் போகவில்லை. அரசு உதவி பெறும் இந்த மாதிரிப் பள்ளிகளில் கட்டடம் மேனேஜருடையது, சம்பளம் சர்க்காருடையது. யாரை வேலைக்கு வைப்பது என்பது மேனேஜர் கையில். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் கை கட்டப்பட்டிருக்கிறது. லீவு இடத்தில் வேலை பார்த்து இறங்கியவருக்குத்தான் அந்தப் பள்ளியில் அடுத்து வரும் வேலையை முதலில் கொடுக்க வேண்டும். ஐம்பத்தொன்று ஏ என்று அந்த விதிக்குப் பெயர். கண்ணூர்ப் பக்கம் டீக்கடையில் பேப்பர் படிப்பவருக்குக்கூட அது தெரியும். ஸ்டாண்டில் மூத்தவரான தாசேட்டன் அடிக்கடி சொல்லுவார்: "வண்டிக்கு அக்ஷரான்னு எதுக்கு பேரு? ஐம்பத்தொண்ணு ஏ-ன்னு எழுதி வை. அதைத்தானே நீ இத்தனை வருஷமா ஓட்டிக்கிட்டிருக்க."

சஜினியும் சிரிப்பாள். விதி இருந்தது, வேலைதான் இல்லை. பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷ் மீடியம் வேன்களில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளியில் இருக்கிற டிவிஷன்களை, அதாவது வகுப்புப் பிரிவுகளை, காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்தது.

பள்ளி திறந்த அன்று காலை, ஹெட்மாஸ்டர் பவித்திரன் மாஷ் வழக்கம்போலப் பஸ் ஸ்டாப்பிலிருந்து அவள் ஆட்டோவில் ஏறினார். குடையை மடக்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்தார்.

"சஜினி, ஒண்ணாம் கிளாஸ்ல இப்பவே இருபத்தாறு பேர் சேந்தாச்சு, மேனேஜரோட பேரனையும் சேத்து."

"நல்லது மாஷே."

"நல்லதா? நீ டீச்சர்தானே, கணக்குப் போட்டுப் பாரு. முப்பதைத் தாண்டி ஒரு தலை வந்தா ரெண்டாவது டிவிஷன். ரெண்டாவது டிவிஷன்னா புதுசா ஒரு போஸ்ட். அது யாருக்குன்னு நான் சொல்லணுமா?"

சஜினி ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். கொஞ்ச தூரம் போனதும் மாஷ் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "ஸ்கூலைத் தாண்டி வந்துட்டோம், மோளே."

தலை எண்ணுவது ஆறாவது வேலை நாள் மத்தியானம். அன்று பள்ளியின் பெயரில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்களோ, அதுதான் அந்த வருஷத்துக் கணக்கு. மறுநாள் நூறு பேர் வந்து நின்றாலும் பயனில்லை. இன்னும் ஐந்து குழந்தைகள் வேண்டும். அன்று சாயங்காலம் சஜினி சவாரி எடுக்கவில்லை. மாஷை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள்.

மறுநாளே மேனேஜர் சாத்துக்குட்டி நம்பியார் ஆள் அனுப்பினார். போனால், அவர் வீட்டில் உன்னக்காய்ப் பலகாரமும் சாயாவும் காத்திருந்தன. நம்பியார் மரியாதையான மனிதர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"சாப்பிடு மோளே. வண்டி நல்லா ஓடுதா?"

"ஓடுது."

"நல்ல தொழில். யாருக்கும் கைகட்டி நிக்க வேண்டாம்." அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "நம்ம வினயா டிரெயினிங் முடிச்சு வீட்லயே இருக்கா. என் மருமக. புது டிவிஷன் வந்தா அவளை உட்கார வைக்கலாம்னு பாக்கிறேன். உனக்கு அதுல உரிமை இருக்கு, இல்லைன்னு சொல்லல. வேண்டாம்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா எல்லாருக்கும் நல்லது."

சஜினி கையில் எடுத்த உன்னக்காயைத் தட்டிலேயே வைத்தாள்.

"வேண்டாம்னு சொல்றதுக்காகவா இவ்வளவு வருஷம் காத்திருந்தேன்?"

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்றேன். வினயா டீச்சருக்கு வயசிருக்கு. அடுத்த போஸ்ட் வரும். எனக்கு இது ஒண்ணுதான்."

நம்பியார் தலையாட்டினார். "அப்ப டிவிஷன் வரட்டும், பாக்கலாம்" என்றார். அந்த வார்த்தையில் என்ன இருந்தது என்று அவளுக்கு அப்போது புரியவில்லை. வெளியே வந்து ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். அவ்வளவு சந்தோஷம். தன் உரிமையை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. சவாரி ஏறுகிற ஒவ்வொருவரிடமும் வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா என்று விசாரித்தாள். மீன் வாங்க வந்தவளை மார்க்கெட்டிலேயே மடக்கினாள். தாசேட்டன் ஸ்டாண்டில் அறிவித்தார்: "இந்த வாரம் டீச்சர் வண்டியில ஏறினா ஊர் போய்ச் சேரலாம், ஆனா பிள்ளையைக் கொடுத்துட்டுத்தான் இறங்கணும்."

கார்த்தியாயனி சேச்சி வீட்டில் மட்டும் அவள் பேச்சு எடுபடவில்லை. சேச்சி தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்: "உன் மோளுக்கு என்ன வயசு?"

"ஆறு."

"எங்க போறா?"

சஜினி மழையைப் பார்த்தாள்.

"நானே சொல்றேன். டை கட்டி, ஷூ மாட்டி, சிஸ்டர்மார் ஸ்கூலுக்கு வேன்ல அனுப்புற. என் பேரன் மட்டும் உன் டிவிஷனுக்கு வேணும், இல்ல?"

பவித்திரன் மாஷ் குடைக் கம்பியை ஆராய ஆரம்பித்தார். அவருடைய மகனும் இங்கிலீஷ் மீடியத்தில்தான் படித்தான். அந்த ஊரில் எந்த டீச்சரும் இன்னொரு டீச்சரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டால் அது திரும்பி வரும். அதனால்தான் ஐந்து தலை வேண்டும் என்று ஊரெல்லாம் அலைந்த இரண்டு பேருக்கும், சஜினியின் வீட்டில் இருந்த ஒரு தலை ஞாபகத்துக்கே வரவில்லை. வந்தாலும் யாரும் சொல்லவில்லை.

குழந்தைகள் கிடைத்தது செம்பாறைக் கல் வெட்டும் பணையில். குன்றுக்குப் பின்னால் செம்மண் பாறையைச் சதுரம் சதுரமாக அறுத்தெடுக்கிற பள்ளம் அது. வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே தகரக் கொட்டகைகளில் இருந்தன. சஜினிக்கு வங்க மொழி தெரியாது. தெரிந்த இந்தியை எல்லாம் திரட்டி, மத்தியானச் சோறு, முட்டை, பால் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். ஒரு தாய் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள், அதுவும் நல்ல மலையாளத்தில்: "ஆட்டோ வருமா?"

"வரும். நானே வருவேன்."

அங்கே மூன்று பேர் கிடைத்தார்கள். கடைத்தெருவில் ஒருவன். நான்காம் நாள் சாயங்காலம் கார்த்தியாயனி சேச்சியே பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "உனக்காக இல்ல. வேன்ல இவனுக்கு வாந்தி வருது" என்றாள்.

முப்பத்தொன்று. பவித்திரன் மாஷ் ஆபீசில் சர்க்கரை போட்ட சாயா வரவழைத்தார். சஜினி வீட்டுக்குப் போய், பெட்டியின் அடியில் கிடந்த ஓரம் வைத்த பருத்திச் சேலையை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள்.

ஐந்தாம் நாள் மாலை மாஷிடமிருந்து போன் வந்தது. குரலில் உயிரில்லை.

"நம்பியார் பேரனைக் கூட்டிட்டுப் போயிட்டார், சஜினி. ருத்விக்கை. டி.சி. கேட்டார், கொடுக்காம இருக்க முடியுமா? டவுன் ஸ்கூல்ல சேக்கப் போறாராம்."

"சொந்த ஸ்கூல்லேர்ந்து சொந்தப் பேரனையா?"

"உனக்குக் கிடைக்கிற டிவிஷன் யாருக்கும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டார். முப்பதுல நிக்குது. இப்ப ஒரே டிவிஷன்தான்."

சஜினி கொடியில் தொங்கிய சேலையைப் பார்த்தாள். அதன் கீழே அவள் மகள் பொன்னு, ஷூவைக் கழற்ற முடியாமல் லேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் ஷார்ஜாவிலிருந்த கணவன் பிரஜித்தைக் கூப்பிட்டாள். அவன் தூக்கக் கலக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "உன் வேலைக்காக மோளோட படிப்பை மாத்துவியா?"

"அங்க நல்லா படிக்கலாம்னு அஞ்சு நாளா ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன், பிரஜித்தேட்டா. அது பொய்யா?"

"எனக்கு எப்படித் தெரியும்? டீச்சர் நீதான்."

அவன் டீச்சர் என்று சொன்னதில் கேலி இல்லை. அவள் போனை வைத்துவிட்டு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"பொன்னு, இன்னிக்கு வேற ஸ்கூலுக்குப் போலாமா? அம்மா முன்னாடி டீச்சரா இருந்த ஸ்கூல்."

"அங்க ஷூ போடணுமா?"

"செருப்பு போதும்."

"மலையாளம் பேசினா திட்டுவாங்களா?"

"பேசலைன்னாதான் திட்டுவாங்க."

பொன்னு உடனே எழுந்து டையைக் கழற்றிப் பூனைக் கழுத்தில் மாட்டினாள்.

சிஸ்டர்மார் ஸ்கூலில் பிரின்சிபல் சிஸ்டர் பிரேயர் முடிந்து வர நேரமாயிற்று. சஜினி பொன்னுவோடு அறைக்கு வெளியே நின்று கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நேராகவே கேட்டார்: "உங்க வேலைக்காகத்தானே இந்த டி.சி.?"

"ஆமா சிஸ்டர்."

"இப்படி ஆமான்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

"ஊர்ல ஒரு சேச்சி என்கிட்ட கேட்ட கேள்விக்கு பதில் சொல்ல முடியாம நின்னேன். இனி நிக்க முடியாது. நான் நடத்தப் போற கிளாஸ்ல என் மோளை உட்கார வைக்கத் தைரியம் இல்லைன்னா, ஊரார் பிள்ளைகளை எப்படி உட்கார வைக்கிறது?"

சிஸ்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "நல்ல குழந்தை. லேஸ் கட்டத்தான் தெரியல" என்றபடி டி.சி.க்கான பட்டனைத் தட்டினார்.

திரும்பும் வழியில் பணை லாரி ஒன்று சேற்றில் புதைந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மழை கொட்டியது. சஜினி தாசேட்டனுக்குப் போன் போட்டாள். அவர் லாரிக்கு மறுபக்கம் தன் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். பொன்னு லாரிக்காரர்களின் கைகளில் மாறி மாறித் தலைக்கு மேலே போய் அந்தப் பக்கம் இறங்கினாள். அக்ஷராவை அங்கேயே விட்டுவிட்டு, சஜினி சேற்றில் முழங்கால் வரை இறங்கி நடந்து தாசேட்டனின் வண்டியில் பாய்ந்து ஏறினாள்.

"இவ்வளவு வருஷத்துல முதல் தடவை நீ பின்னாடி உட்கார்ற" என்றார் தாசேட்டன். "வேகமா போகவா, டீச்சர் மாதிரி போகவா?"

"பேசாம ஓட்டுங்க, தாசேட்டா."

பள்ளி வாசலில் மாஷ் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். பகல் சோறு மணி இன்னும் அடிக்கவில்லை. பொன்னுவின் பெயர் ஏறியது. முப்பத்தொன்று. மாஷ் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு, யாரும் இல்லாத சுவரைப் பார்த்து இரண்டு தடவை கைதட்டினார்.

நம்பியார் வந்தபோது மழை விட்டிருந்தது. முற்றத்தில் நின்று, சேறு காய்ந்த சஜினியின் கால்களைப் பார்த்தார். வராந்தாவில் வங்காளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்த பொன்னுவையும் பார்த்தார்.

"சொந்தக் குழந்தையைக் கொண்டு வந்துட்டியா?"

"நீங்க உங்க வீட்டுப் பிள்ளையைக் கொண்டு போனீங்க. அந்த இடம் காலியா இருந்தது."

அவர் வாய்விட்டுச் சிரித்ததை மாஷ் அன்றுதான் பார்த்தார். "சட்டம் உன் பக்கம். இப்ப தலையும் உன் பக்கம். இனி நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே ருத்விக்கும் திரும்பி வந்தான். டவுன் ஸ்கூலில் அவனுக்குக் கூட்டாளி யாரும் கிடைக்கவில்லையாம்.

நியமன உத்தரவு கைக்கு வந்தது. சர்க்கார் அதை ஒப்புக்கொண்டு சம்பளம் கொடுக்க இன்னும் எவ்வளவு காலம் ஆகுமோ, யாருக்கும் தெரியாது. அந்த ஊரில் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகும் அதற்காகக் காத்திருக்கிற டீச்சர்கள் உண்டு. சஜினி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. காலையில் பணைப் பிள்ளைகளையும் மகளையும் அக்ஷராவில் அள்ளிக்கொண்டு வருவாள். ஆட்டோவைப் பலாமரத்தடியில் நிறுத்திவிட்டு, சேலைக்கு மேல் போட்டிருந்த காக்கிச் சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு வகுப்புக்குள் நுழைவாள். சாயங்காலம் மறுபடி அதே சட்டை.

முதல் நாள் வகுப்பில் பொன்னு ஒழுங்காகக் கையைத் தூக்கினாள். பள்ளியில் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லியிருந்தது.

"டீச்சரே, எங்க அம்மா எப்ப வருவாங்க?"

"நாலு மணிக்கு" என்றாள் சஜினி, போர்டில் எழுதிக்கொண்டே. "ஆட்டோவோட."