களிமண் தோணிகள்

இங்கே யாருக்கும் உபகாரம் சொல்ல முடிவதில்லை. மட்டக்களப்பு வாவியின் அக்கரையில் இருக்கும் பள்ளிக்குப் பாடம் நடத்தத் தினமும் சீனித்தம்பி அண்ணனின் தோணியில்தான் போகிறேன். இறங்கும்போது, "ரொம்ப உபகாரம் அண்ணே" என்றால் முகம் சுருங்கிவிடும். "நான் என்ன பிறத்தியா, ரீச்சர்?" என்பார். என்னைப் பிடிக்கவில்லை என்றே இரண்டு மாதம் நினைத்திருந்தேன்; பிறத்தி என்றால் அந்நியர், இங்கே உபகாரம் சொல்வது அந்நியருக்குத்தான் என்று பிறகுதான் புரிந்தது.

நம் தூத்துக்குடியில் நான் கற்றது வேறு. எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். பள்ளிக்கு இடம் தந்த முதலாளியின் படத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமைதோறும் கைகூப்பி நிற்க வைப்பார்கள். உப்பளத்தில் கூடை சுமந்து, காலெல்லாம் வெடித்து, என்னைப் படிக்க வைத்த அம்மாவைப் பற்றி அங்கே ஒருவரும் பேசியதில்லை. அந்தக் கோபம் என்னோடு கப்பலேறி வந்திருக்கிறது.

ஆகவே ஒரு நாள் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாவிக்கரைக் களிமண்ணைக் கொடுத்து, "உங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு ஏதாவது செய்து கொடுங்கள்" என்றேன். பதினொரு பேரில் ஏழு பேர் தோணி செய்தார்கள். மண்டூர்க் கோயில் திருவிழாக் கூட்டத்திலும் சீனித்தம்பி அண்ணன் பள்ளிப் பிள்ளைகளைத்தான் முதலில் ஏற்றுவார்.

தலைமையாசிரியர் வந்து பார்த்தார். கூரைக்கு ஓடு தந்த நிலக்காரரான போடியார் மறுநாள் வருவதாக இருந்தது.

"எல்லாத்தையும் பிசைஞ்சு, அவருக்குத் தாமரைப்பூச் செய்ய வையுங்க. தோணிக்காரன் என்னத்தத் தந்தவன்?"

ஆறு வயதுப் பொன்னம்மா எழுந்தாள். "தோணி இல்லாட்டி இஞ்ச ஆரு சேர் வருவாங்க? ஓட்டுக்குக் கீழ நீங்க மட்டும்தான் இருப்பீங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் அவளுடைய தோணியை எடுத்துக் கைக்குள் நசுக்கினார். மற்றவற்றை நான் நசுக்க வேண்டுமாம். மாட்டேன் என்றேன்.

"பிறத்தி ஆளுக்கு வேலை தந்ததுக்கு இதுதானா நன்றி? மாசக் கடைசியோட போங்க."

பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிய பூவை வாங்கி ஒருவர் எப்படி மகிழ்வார்? போடியாருக்குத் தெரிந்திருந்தால் அவரே வெட்கப்பட்டிருப்பார்.

பொன்னம்மா நசுங்கிய மண்ணைப் பிசைந்து மறுபடியும் தோணி செய்தாள். மிஞ்சிய மண்ணில் நானும் ஒன்று செய்தேன். மாலையில் எல்லாவற்றையும் தோணியின் முனையில் வரிசையாக வைத்தோம். சீனித்தம்பி அண்ணன் துடுப்பை நிறுத்திவிட்டு நான் செய்ததைத் தொட்டுக் காட்டினார்.

"இது தோணி மாதிரி இல்லையே?"

"உப்புக்கூடை. எங்கம்மா சுமந்தது."

"ஈரம் காயல்லயே மகள். இஞ்சயே கிடக்கட்டும்."

நான் உபகாரம் சொல்லவில்லை. அம்மாவின் கூடை அன்றிலிருந்து அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் போய்வருகிறது. நான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.