விரலை ஆட்டச் சொன்னார்கள்

மகளின் முன்கையில் முதலில் வந்தது கோலிக்குண்டு அளவுக் கட்டி. கொழுப்புக் கட்டி என்று நினைத்து வெட்டி எடுத்தார்கள். தழும்பு ஆறுவதற்குள் அதே இடத்தில் இன்னும் பெரிதாக முளைத்தது. அப்போதுதான் ஜொகூர் பாருவில் வேறொரு டாக்டர் அதன் பெயரைச் சொன்னார்: டெஸ்மாய்டு. அபூர்வமானது, புற்றுநோய் இல்லை, வேறு உறுப்புக்குப் பரவாது. ஆனால் இருக்கிற இடத்திலேயே தசைக்குள் வேர்விடும், வெட்டினாலும் திரும்ப வரலாம் என்றார்.

பத்து பாகாட்டில் இருக்கும் என் அக்காவுக்கு இதில் பாதிதான் மனதில் பதிந்தது. "கேன்சர் இல்லன்னுட்டாங்கல்ல. அப்புறம் ஏன்டா சாவு வீட்டுல பேசுற மாதிரி பேசுற?" என்றாள் போனில்.

மகளுக்குத் தினமும் எல்லை தாண்டிப் போய் சிங்கப்பூரில் பல் டாக்டருக்கு உதவியாளர் வேலை. கைதான் பிழைப்பு. கட்டியோ சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பை ஒட்டி இருந்தது. இந்தத் தடவை கத்தி வேண்டாம், ஊசிகளைச் செலுத்திக் கட்டியை உறையவைத்துச் சாகடிக்கலாம் என்றார் டாக்டர். நரம்பும் உறைந்துவிடக் கூடாது என்பதால் அவளை முழுதாக மயக்கவில்லை. விரலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் வெளியே நாற்காலியில். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே மலாய் நர்ஸ், "கெராக் ஜாரி, டேக்" என்று தங்கையிடம் சொல்வதுபோல விரலை ஆட்டச் சொல்லிக்கொண்டே இருந்தார். குனிந்து பார்த்தால், மடியில் என் சுண்டுவிரலும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதே வார்த்தை அடுத்தடுத்து, சற்று உரக்கக் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

டாக்டர் வந்தார். விரல் தளர்ந்துவிட்டதால் நிறுத்திவிட்டதாகவும், நரம்பை ஒட்டிய பகுதியைத் தொடவில்லை என்றும் சொன்னார்.

"மீதிய வெட்டி எடுத்துடலாமா டாக்டர்?"

"வெட்டுனா நரம்பும் சேர்ந்து வந்துடும், அங்கிள். விரல் நின்னா நிறுத்திடுங்க, கட்டி இருந்தா இருக்கட்டும்னு உங்க மகதான் முன்னாடியே சொல்லிட்டாங்க."

எனக்கு அது தெரியாது. பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் வீட்டுக்குக் காரில் திரும்பும்போது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். வீங்கிய கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள்.

"சொன்னா எடுத்துடுங்கன்னு நிப்பீங்கப்பா. எனக்குக் கை வேணும்."

அவள் சொன்னது சரி. நான் அப்படித்தான் நின்றிருப்பேன்.

இப்போது வேலைக்குப் போகிறாள், முன்போல மோட்டார் சைக்கிளில் இல்லை, பஸ்ஸில். சுண்டுவிரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. மடங்க நாளாகும் என்கிறார்கள். உள்ளே மிச்சம் இருப்பது அடங்கிக் கிடக்கிறதா, வளர்கிறதா என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். கையைத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். காலையில் பஸ் நிறுத்தம்வரை கூடப் போகிறேன். பையை மட்டும் தூக்க விடுகிறாள்.