கரண்டி வால் கரிச்சான்

சானமாவுக் காட்டில் யானைகள் சாலையை மறித்ததால் ஓசூர் பஸ் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த என் நான்கு வயது மகள் மடியில் காய்ச்சலில் கொதித்தாள். காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டும். மாத்திரை கேட்கும் என்று நானாகத்தான் காத்திருந்தேன்.

பக்கத்து சீட்டில் வெள்ளைத் தொப்பியும் மருதாணித் தாடியுமாக ஒருவர். அந்தமானில் மரம் அறுத்தவராம். அடிக்கடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அங்க காட்டுல ரெண்டு வகைக் கரிச்சான் குருவி இருக்கு கண்ணு. ஒண்ணுக்கு வால்ல ரெண்டு கரண்டி தொங்கும், மத்த குருவிங்க மாதிரியெல்லாம் கத்தும். இன்னொண்ணுக்குக் கரண்டி இல்ல, கூட்டமா திரியும். உனக்கு எது வேணும்?”

“கரண்டி,” என்றாள்.

“புள்ள கண்ணு சொருகிக் கெடக்குது, குருவிக் கதையா சொல்றீங்க பாய்?” என்று சீறினேன்.

“பதில் சொல்ற வரைக்கும் நெனவு இருக்குன்னு தெரியுமில்லம்மா.”

குருவிகளைப் பற்றியே மறுபடி மறுபடி கேட்டார். ஒருமுறை அவள் வாய் திறக்கவில்லை. உலுக்கினேன்; தலை துவண்டது.

“கரண்டி இல்லாததுதானே மத்த குருவி மாதிரி கத்தும்?” என்றார்.

“இல்ல... கரண்டி இருக்கறது,” என்று முனகினாள்.

யானைகள் ஒதுங்கியதும் பஸ் கிளம்பியது. மகள் பிழைத்தாள். அவர் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாரா, பயத்தில் தடுமாறினாரா, தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டபோது, துடைத்த கண்ணாடியை அவர் தலைகீழாக மாட்டியிருந்தார்.