செதில் பூ தைத்த சீட்டு

மைதாப் பசை புளித்தால் எப்படி நாறும் என்று தெரியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். கேரள எல்லைச் செக்போஸ்ட் இருக்கும் அமரவிளையில் நான் தையல் படித்த மாடியறையில் ஒரு பழைய பால்மாவு டப்பா நிறைய அது எப்போதும் இருந்தது. கெடாமல் இருக்கக் கொஞ்சம் துருசு, அதுதான் மயில்துத்தம், போட்டுக் காய்ச்ச வேண்டும். கைக்கு ஆகாது என்று டீச்சர் போட மாட்டார். திங்கட்கிழமைப் பசையை வியாழக்கிழமை திறந்தால் தாவணியால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அதற்குள் விரலை விட்டுத்தான் நாங்கள் கலை வளர்த்தோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எட்டுப் பெண்களுக்கு மூன்று மிஷின். முறைக்குக் காத்திருப்பவர்கள் வாயடிப்பதைப் பொறுக்காமல் டீச்சர் இந்த வேலையைக் கண்டுபிடித்தார். அவர் வீட்டுக்காரர் விளையாடி ஒதுக்கிய சீட்டுக்கட்டுகளைக் கொண்டுவந்து, வாரத்துக்கு ஆளுக்கொரு சீட்டு கொடுப்பார். முகப்பில் எதையும் ஒட்டலாம், தைக்கலாம், வரையலாம். வெட்டுத்துணி, சரிகை, தீப்பெட்டிப் படம், மிட்டாய்க் காகிதம் எதுவானாலும் சரி. முதுகில் மட்டும் எதையும் ஒட்டவோ வரையவோ கூடாது. சனிக்கிழமை பிடித்தவளுக்குக் கொடுத்து அவளுடையதை வாங்கிக்கொள்ளலாம். வந்ததை அப்புறம் வேறு யாருக்கும் கைமாற்றலாம். ஆனால் ஒருத்தி செய்ததை இன்னொருத்தி பிரிக்கக் கூடாது. டீச்சர் கண்டிப்பாகச் சொன்ன சட்டம் இது ஒன்றுதான்.

பனச்சமூட்டிலிருந்து வந்த ஒருத்தி பசையை நம்பாமல் எச்சிலை நம்பினாள். நாக்கை நீட்டி நக்கி நக்கி ஒட்டுவாள். அவள் சீட்டு எனக்கு வந்தால் ஓரத்தைப் பிடித்து வாங்குவேன். எல்லாவற்றிலும் எனக்கு அருவருப்பு இருந்தது. அதைச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் ஓரத்து மிஷினுக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல்கள். ஒன்றில் நான், மற்றதில் கடற்கரையிலிருந்து வரும் ஒரு பெண். அவள் அப்பா கட்டுமரத்தில் போகிறவர். அவள் கழுத்திலும் கையிலும் அப்படிப் பவுடர் கொட்டிக்கொண்டு வருவாள். பவுடருக்கு அடியில் மீன் வாடை இருக்கிறது என்று மற்றவர்கள் அவளை ஒட்டி உட்கார மாட்டார்கள். நான் உட்கார்ந்தேன். அந்த ஜன்னலில்தான் காற்று வரும், வேறு காரணமே கிடையாது. அவள் குனியும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், நிமிர்ந்ததும் விடுவேன். அது யாருக்கும் தெரியாது என்பது என் எண்ணம்.

ஒரு சனிக்கிழமை அவள் எனக்கு ஒரு சீட்டை நீட்டினாள். கறுப்புத் துணியின் மேல் ஒரு பூ. இதழ் இதழாக மீன் செதில்கள், ஓரத்தில் ரோஸ் சாயம் ஏற்றி, ஒவ்வொன்றையும் சீட்டோடு சேர்த்து ஊசியால் குத்தித் தைத்திருந்தாள். பசை செதிலில் பிடிக்காதாம்.

"நாரங்கா நீருல மூணு நாளு ஊறப் போட்டதாக்கும். ஒரு நாத்தமும் இல்ல, நோக்கு மக்கா. நீ பக்கத்துல இருக்கியே, உனக்குன்னு செய்தேன்" என்றாள்.

சிரித்து வாங்கினேன். எங்கள் ஊர் செங்கல், அங்கே எங்கள் வீட்டில் மீன் வாங்குவதே இல்லை. சாமி அறையின் பக்கம்கூடப் போகாமல் பின்வாசல் வழியாகத்தான் அதை உள்ளே கொண்டுபோனேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"சே! இத எதுக்குப் பிள்ளே வீட்டுக்குள்ள கொண்டு வந்த? கொண்டுபோய் வாழ மூட்டுல போடு."

வாழை அடியில் போட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த வாரம் எனக்குக் கிடைத்த சீட்டு பசையில் ஊறிப் பிய்ந்துபோயிருந்தது. டீச்சர் இன்னொன்று தர மாட்டார். கிணற்றடியில் உட்கார்ந்து பிளேடால் செதில் பூவின் நூலை அறுத்தேன். செதில்கள் ஒவ்வொன்றாகக் கல்லில் உதிர்ந்தன. முகர்ந்து பார்த்தேன், அவள் சொன்ன நாரங்கா உண்மைதான், எலுமிச்சை வாசனைதான் வந்தது. அப்படியும் குமட்டியது. துணியை உரித்து, சீட்டை டெட்டாலில் துடைத்து, அதன்மேல் இரண்டு மாநிலத்து பஸ் டிக்கெட்டுகளையும் கிழித்து ஒட்டி ஒரு பஸ் செய்தேன். செதில்களை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

அந்த பஸ்ஸை எல்லோரும் மெச்சினார்கள். முன்பாதி கேரளம், பின்பாதி தமிழ்நாடு, நடுவில் செக்போஸ்ட் மாதிரி ஒரு தீக்குச்சி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பனச்சமூட்டுக்காரியிடம் கொடுத்தேன். செதில் பூ எங்கே என்று கடற்கரைக்காரி ஒருமுறை கேட்டாள். பெட்டியில் பத்திரமாக உண்டு என்றேன். கூசாமல் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து பனச்சமூட்டுக்காரிக்கு அந்த பஸ் சலித்துவிட்டது. எச்சில் விரலாலேயே அதை எடுத்து, என் கண் முன்னால் கடற்கரைக்காரியிடம் நீட்டினாள். இவள் முகம் மலர வாங்கினாள்.

"எம்மா, நல்ல சேலுக்கு, அழகா இருக்கே. நீ செய்ததுதானே மக்கா?"

தலையாட்டினேன். சீட்டின் முதுகைத் திருப்பித் தடவினாள். தையல் படிக்கிறவளின் விரல் அது. நின்றுவிட்டது. ஊசி முகப்பில் இறங்கி மறுபக்கம் வந்த இடமெல்லாம் முதுகில் பொடிப் பொடி மேடுகள் எழும்பியிருந்தன. டெட்டால் போட்டுத் துடைத்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அவள் விரல் ஒரு மேட்டிலிருந்து அடுத்ததற்குப் போய், இதழ் இதழாக அந்தப் பூவைச் சுற்றி வந்தது. பிறகு சீட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"டெட்டால்" என்றாள்.

நான் பசை டப்பாவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதன் விளிம்பில் பச்சையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. அந்த அறையில் அன்று அதைவிடக் கேடாக நாறியது நான்தான்.

அவள் டீச்சரிடம் சொல்லவில்லை, அழவும் இல்லை. சீட்டை என் மடியில் வைத்தாள். எழுந்து தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய், காற்றே வராத எதிர்ச்சுவர் ஓரம் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து, திட்டுகிற குரலில் அல்ல, சாதாரணமாகச் சொன்னாள்:

"இனி நீ மூச்சு விடு மக்கா. எத்தற நாளாக்கும் பிடிச்சு வச்சிருக்க."