என் இரண்டாவது குரல்

கண்டிப் பக்கம் கல்யாணங்களுக்குப் பாடப்போகும் ஓர் இசைக்குழுவில் நான் பல வருடங்கள் பாடினேன். பெண் குரலில் வரும் பாட்டெல்லாம் என்னுடையது. உச்சத்தில் போய் நிற்கிற பாட்டுகளைத்தான் ஆட்கள் விரும்பிக் கேட்பார்கள். எனக்கும் அங்கே போய் நிற்பதில்தான் ஆசை. குரலைத் தவிர என்னிடம் பெரிதாக எதுவும் இருப்பதாக நான் நினைத்ததே இல்லை.

ஒரு மழை நாளில் பிலிமத்தலாவையில் ஒத்திகை முடிந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன லொறி சட்டென்று நின்றது. எங்கள் ஆட்டோ வழுக்கிப் போய் அதில் மோதியது. முன்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கம்பியில் என் கழுத்து அடிபட்டது. ஓட்டிவந்தவருக்குச் சிராய்ப்புதான். எனக்கு மூச்சே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டு, குழாய் வைத்து மூச்சுவிட வைத்தார்கள். குரல்வளை உடைந்திருந்தது. உயிர் தப்பியதே பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டினேன். மனம் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

குழாயை எடுத்த பிறகு நான் பேசிய முதல் வார்த்தை ‘தண்ணி’. என் கணவர் என் பக்கம் திரும்பவில்லை. பேசிய ஆள் யார் என்று வாசல் பக்கம் பார்த்தார். பிறகுதான் அவருக்குப் புரிந்தது. தண்ணீரை ஊற்றும்போது பாதி மேசையில் கொட்டியது.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கரகரத்த, அடித்தொண்டைக் குரல் மாறவில்லை. கேஸ் சிலிண்டர் கடைக்குப் போன் எடுத்தால், ஆம்பளை என்று நினைத்து “சொல்லுங்க மாத்தயா” என்பார்கள். போன் பேசுவதையே விட்டேன். அன்றிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளையெல்லாம் நான் கேட்காமலே என் கணவர் எடுத்துப் பேசினார். தழும்பை மறைக்கக் கழுத்தில் எப்போதும் ஒரு சால்வை.

பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஒரு சிங்கள மிஸ். மூச்சை வயிற்றிலிருந்து எடுக்கவும், வாயை மூடி ம்ம் என்று முனகவும் சொல்லித்தந்தார். பழைய குரல் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில், “பழைய குரல் வராது. இந்தக் குரல் இன்னும் நல்லா வரும்” என்றார். அன்று பஸ்ஸில் கண்டி வாவிக்கரை முழுக்க அழுதுகொண்டே வந்தேன். மற்றவர்கள் எல்லோரும் எல்லாம் சரியாகிவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் பொய் சொல்லாத முதல் ஆள் அவர் என்பது ஆறுதலாகத் தெரியப் பல மாதங்கள் ஆகின.

குழுவில் என் இடத்துக்கு ஹேவாஹெட்டப் பக்கமிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவள் பாடுவதை நான் கேட்கப் போகவே இல்லை. ஒருநாள் அவளே தோட்டத்து மரக்கறி, கோவாவும் கரட்டுமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் குசினியில் அரிசி கழுவியபடி என் பயிற்சியை முனகிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் வாசலில் நின்று கேட்டாளோ தெரியாது. குழுவில் ஆண் குரலுக்குப் பாடும் அண்ணன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டதாகவும், நாவலப்பிட்டிக் கல்யாணத்துக்கு ஆள் இல்லை என்றும் சொன்னாள்.

“அக்கா, ஆம்பள வரிகள நீங்க பாடுங்க. நான் மத்தத பாடுறேன்.”

கேலி பண்ணுகிறாயா என்று கேட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

“ஒங்க எடத்துல நின்னு பாடுறது எனக்கும் லேசா இல்லக்கா. பக்கத்துல நீங்க நின்னா நல்லா இருக்கும்.”

அவளும் கஷ்டப்படுவாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சரி என்றேன்.

நாவலப்பிட்டி மண்டபத்தில் நான் முதல் வரியைப் பாடியதும் தலைகள் திரும்பின. பின்வரிசையில் ஒருவர், பாடுகிற ஆண் எங்கே என்று எழுந்து பார்த்தார். சில பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். கீழே அந்தச் சுருதியில் எனக்கு அவசரமே இருக்கவில்லை. மேலே ஏறும் நினைப்பில் இத்தனை வருடமும் நான் கவனிக்காமல் விட்ட வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன. ஓரிடத்தில் குரல் உடைந்தது. அவள் தன் முறை வரும் முன்பே மெதுவாக என்னோடு சேர்ந்துகொண்டாள். நான் திரும்பப் பிடித்ததும் விலகிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் மணப்பெண்ணின் அம்மா வந்து, அதே பாட்டை இன்னொரு முறை பாட முடியுமா என்று கேட்டார். என் கணவர் ஸ்பீக்கர் பக்கத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

இப்போதும் பாடுகிறேன். குளிர் மாதங்களில் தொண்டை சீக்கிரம் களைத்துவிடும். அப்போது நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொள்கிறேன். என் பழைய ஒலிப்பதிவு எங்காவது கேட்டால் நின்று கேட்பேன். நன்றாகத்தான் பாடியிருக்கிறாள் என்று தோன்றும். அந்த விபத்துக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு என்னைத் தனியாக விடாதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் ஆண்கள் வரிசையில் நிற்கிறேன். எனக்காக அவர்கள் கொஞ்சம் நெருங்கி நின்று இடம் விடுகிறார்கள்.