எடைமேடையில் என் கார்

வண்டிக்கு முன்னால் இன்ஜின் வந்துவிட்டது. சென்னையில் வெளிநாட்டுப் பழைய உதிரிபாகங்கள் விற்கும் ஒருவரிடம் சொல்லிவைத்து, லாரியில் வரவழைத்திருந்தார் என் கணவர். சங்கரன்கோவிலில் விசைத்தறி மோட்டார்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். பட்டறையில் இடமில்லை என்று நாலு பேரை வைத்துத் தூக்கிவந்து, எங்கள் வீட்டு முன்னறையில் சோபா இருந்த இடத்தில் இறக்கினார். சோபா மாடிக்குப் போனது.

"இது ரோட்டரி இன்ஜின். பிஸ்டனே கிடையாது, தெரியுமா?" என்றார்.

"பிஸ்டன் இல்லாம எப்படி ஓடும்?"

"உள்ள முக்கோணமா ஒண்ணு சுத்தும். டிபன் பாக்ஸுக்குள்ள சமோசா சுத்துத மாதிரி வச்சுக்கோ. ஆளு சின்னது, வேகம் ஜாஸ்தி. பின்சக்கரத்தைப் பிடிச்சு ஒரு தள்ளு தள்ளும் பாரு! லேசான வண்டி ஒண்ணு மாட்டுச்சுன்னா போதும்."

அந்த 'லேசான வண்டி' எங்கள் வீட்டைப் பிடித்துக்கொண்டது. தெருவில் நிற்கும் கார்களின் பானெட்டை முழங்கையால் அழுத்திப் பார்த்தார். கதவைத் திறந்து மூடும் சத்தத்தை வைத்தே தகட்டின் கனம் சொன்னார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் இவரைக் காணோம் என்று தேடினேன். மண்டபத்துக்கு வெளியே, பூ ஒட்டிய மாப்பிள்ளைக் காருக்கு அடியில் பட்டு வேட்டியோடு படுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக வண்டி பார்க்கப் போனார். கரிவலம்வந்தநல்லூரில் ஒருவர் ஒரு பழைய காரைக் காட்டினார்.

"லேசா இருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டார் இவர்.

"லேசாவா? வண்டியில தரையே கிடையாது வே!"

ஏறி உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்து, என் செருப்புக்குக் கீழே ரோடு தெரிந்தது. இவரோ அதையும் ஒரு நல்ல குணமாக எடுத்துக்கொண்டு, உதிர்ந்த தகடு எத்தனை கிலோ இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டார். நான் காலை மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

இப்படி இரண்டு மாதம் போனது. ஒருநாள் ஆபீஸ் போகும் வழியில் இன்ஷூரன்ஸ் காகிதம் தேடி என் காரின் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். அது எனக்குச் சொந்தமான சின்ன கார். தாலுகா ஆபீஸ் வேலைக்குப் போய்வர, என் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கியது. பெட்டிக்குள் இரண்டு சீட்டுகள் கிடந்தன. லாரிகளை நிறுத்தி எடைபோடும் எடைமேடைச் சீட்டுகள். இரண்டிலும் என் கார் நம்பர். ஒன்றில் 'சரக்கு' என்ற இடத்தில் 'காலி' என்றும், இன்னொன்றில் 'வீட்டம்மா' என்றும் எழுதியிருந்தது.

போன வாரம் கோயிலிலிருந்து திரும்பும்போது, டயரில் காற்றுப் பார்க்கணும் என்று இவர் எங்கேயோ ஒரு இரும்புத் தகட்டின் மேல் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போனது ஞாபகம் வந்தது. நான் உள்ளே உட்கார்ந்து பிரசாதம் தின்றுகொண்டிருந்தேன்.

ஒரு சீட்டிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஆபீசில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிவிட்டு நேராக எடைமேடைக்குப் போனேன். அங்கிருந்தவர் சீட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"சரக்குன்னு இருக்க இடத்துல எதாவது எழுதணும்லா மதினி. அண்ணாச்சிதான் சொன்னாவ."

"அதுக்கு? என்னையப் பருத்தி மூடை மாதிரி எழுதுவீங்களோ?"

"நம்ம மேடை இருவது கிலோ முன்னப்பின்ன காட்டும் மதினி. லாரிக்குத்தான் கரெக்டா இருக்கும்."

அந்த இருபது கிலோவில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சாயங்காலம் இவர் வந்து சாப்பிட உட்கார்ந்தார். சீட்டு இரண்டையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிசைந்த சோற்றோடு கை அப்படியே நின்றது.

"நாம பாத்ததுலயே ஒன் காருதான்ட்டி லேசு" என்றார். குரலில் குற்ற உணர்வும் இருந்தது, ஆசையும் இருந்தது.

கத்தத்தான் நினைத்தேன். அப்போதுதான் அது உறைத்தது. "ஏங்க, உங்க இன்ஜின் எந்தச் சக்கரத்தத் தள்ளும்?"

"பின்சக்கரத்த."

"என் காருக்கு முன்சக்கரந்தானே ஓடுது? போன மாசம் ஆக்ஸில் மாத்தும்போது மெக்கானிக் வந்து நம்மகிட்டதானே சொல்லிட்டுப் போனான்?"

ஊரில் உள்ள எல்லா வண்டியையும் நிறுத்துப் பார்த்தவருக்கு இது தோன்றவே இல்லை. ஜெயித்த சந்தோஷம் எனக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, முன்னறையில் போய் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் மறுநாள் ஆபீசில் நானே விசாரிக்க ஆரம்பித்தேன். கூட வேலை பார்ப்பவளின் சித்தப்பா இளையரசனேந்தல் பக்கம் ஒரு பழைய வேன் வைத்திருந்தார். சின்ன வேன், மெல்லிய தகடு, இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில், ஓடுவது பின்சக்கரம். சந்தைக்கு ஆடு ஏற்றிப்போன வண்டி. அடுத்த ஞாயிறு போனோம். இவர் அடியில் புகுந்து, சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்.

வேன்காரருக்குச் சந்தேகம் தீரவில்லை. "பெட்ரோல் எப்படிக் குடிக்கும் அந்த இன்ஜினு?"

"கொஞ்சம் கூடத்தான்."

"வேற?"

"எண்ணெயும் குடிக்கும். சூடும் ஜாஸ்தி. கொஞ்சம் பக்குவமா வச்சுக்கிடணும்."

"எங்க மச்சானும் அப்படித்தான்" என்றார் அவர். "அவனையெல்லாம் வச்சு வண்டி ஓட்டலாம்னு எனக்குத் தோணவே இல்ல பாத்துக்கிடுங்க."

வேனை விலைபேசி வாங்கி, இன்ஜினை மாட்டி முடிக்க ஐந்து மாதம் ஆனது. அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அரசாங்க வேலை பார்க்கிறவள் நான். அதனால் வேனை இன்னொரு வண்டியில் ஏற்றி, வேன்காரரின் அறுவடை முடிந்த புஞ்சைக்கே கொண்டுபோனோம். மழை பெய்து பல மாதம் ஆகி, கரிசல் தரை கெட்டித்துக் கிடந்தது. பக்கத்துச் சீட்டில் நான்தான் உட்காரவேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார்.

சாவியைத் திருப்பியதும் ஆயிரம் வண்டுகள் ஒரே குடத்துக்குள் இரைகிற மாதிரி ஒரு சத்தம். தூரத்தில் மேய்ந்த ஆடுகள் தலையைத் தூக்கின. வண்டி ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த கணம் வேலியோரத்துப் பனைமரங்கள் எங்களை நோக்கி ஓடிவந்தன. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். இவர் திருப்பிய திருப்பில் புழுதி ஆள் உயரத்துக்கு எழுந்தது.

"எப்படி இருக்கு?" என்று கத்தினார்.

என் சீட்டு தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. பாதி எழுந்து நின்றபடி, "சூடா இருக்கு!" என்று கத்தினேன்.

"ஜோரா இருக்கா?" என்றார். புழுதி அப்பிய முகத்தில் பல் முழுவதும் தெரிந்தது.

"ஆமா" என்றேன்.

இவர் இன்னொரு சுற்றுக்குத் திருப்பினார்.