என் மனைவியின் நாற்காலியில் ஒரு சப்வூஃபர்

அந்தப் பெரிய சப்வூஃபர், அதாவது தாழ்ந்த முழக்கத்துக்கான ஸ்பீக்கர் பெட்டி, எங்கள் ஹாலுக்குள் வந்த நேரம் என் நாட்குறிப்பில் இருக்கிறது: ஐப்பசி மழை, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே கால். படத்தில் இடி இடித்தால் தரை அதிர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கொண்டுவந்த கடைக்காரர் பழைய சிநேகிதர். கூடவே அட்டைப்பெட்டியில் இரண்டு சிறிய சப்வூஃபர்களையும் இறக்கினார்.

“அண்ணா, பெருசு ஒண்ணா, சின்னது ரெண்டா, நீங்களே கேட்டுப் பாருங்க. மூணாவது ஞாயிறு வரைக்கும் டைம். திங்கக்கெழம வந்து வேண்டாததை எடுத்துக்கறேன்.”

சிறியவற்றை நான் பிரிக்கவே இல்லை. பெரியதை டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஞாயிறு சாயங்காலம் நானும் மனைவியும் படம் பார்ப்பது கல்யாணமான நாள் முதல் உள்ள வழக்கம். வாரம் முழுவதும் எங்கள் பனியன் யூனிட்டில் அவள் துணி செக்கிங், நான் டெலிவரி. சேர்ந்து உட்காருவது அந்த இரண்டரை மணி நேரம்தான். நான் ஹால் நடுவே சோபாவில், அவள் பின்சுவரை ஒட்டிய நாற்காலியில். அன்று முதல் இடியிலேயே நான் துள்ளிவிட்டேன். “நல்லாத்தானுங்க இருக்குது,” என்று அவளும் சிரித்தாள். எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு, படம் தொடங்கிப் பத்தாவது நிமிடம் அவள் எழுந்தாள்.

“மண்டைக்குள்ள பவர் டேபிள் தையல் மிஷின் ஓடறாப்ல இருக்குதுங்க. நீங்க பாருங்க.”

உள்ளறைக்குப் போனவள் திரும்பவில்லை. மீதிப் படத்தை நான் தனியாகப் பார்த்தேன். அதே பெட்டி, அதே சத்தம், அதே நாற்காலி. என்ன மாறியது?

இரவே நாட்குறிப்பைப் புரட்டினேன். வெள்ளி, பெட்டி வந்தது. ஞாயிறு, நன்றாக இருந்தது. செவ்வாய் காலை பத்து மணி, ரோல்கள் கட்டிங்குக்குப் போயின. அந்த வரியில் என் விரல் நின்றது! யூனிட்டின் கூரை ஒழுகியதால் துணி ரோல்களை ஹாலில்தான் அடுக்கியிருந்தோம். அவள் நாற்காலிக்குப் பின்னால், கூரை வரைக்கும். பெட்டியின் முழக்கத்தை அந்தத் துணிதான் குடித்திருக்கிறது. ரோல் போனதும் வெறும் சுவர் எல்லாவற்றையும் அவள் தலைமேல் திருப்பி அடித்திருக்கிறது.

காலையில் அவளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அப்ப ரோலையெல்லாம் திருப்பிக் கொண்டாரச் சொல்லுங்க. சப்வூஃபருக்கு வேணுமுன்னு பையர்கிட்டச் சொல்லிக்கலாம்.”

“என்ற சோபாவுல நல்லாத்தானே கேக்குது?”

“ஏனுங்க, ஒரே எடத்துல துணியை வெட்டி எடை பாத்துட்டு முழு ரோலையும் பாஸ் பண்ண உடுவீங்களா? நாலு எடத்துல வெட்டலீன்னா என்றகிட்டச் சண்டைக்கு வருவீங்களே!”

அன்று சாயங்காலமே கட்டிங் டேபிள் சாக்பீஸால் ஹாலில் நான்கு இடங்களைக் குறித்தேன். ஒரு தாழ்ந்த ரீங்காரத்தை ஓடவிட்டு ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து கேட்டேன். என் சோபாவில் சத்தம் பாதிதான் இருந்தது. அதனால்தான் நான் கூட்டிக்கூட்டி வைத்திருக்கிறேன். கூட்டியதெல்லாம் அவள் நாற்காலியில் போய்க் குவிந்திருக்கிறது. அறையின் சுவர்களுக்கிடையே தாழ்ந்த ஒலி ஓரிடத்தில் திரளும், ஓரிடத்தில் வற்றும் என்று எப்போதோ படித்தது இப்போது என் ஹாலிலேயே நடந்தது. பெரிய பெட்டியை எங்கே நகர்த்தினாலும் ஓரிடம் நிறைந்தால் இன்னோரிடம் காலி.

புதன்கிழமை சிறியவற்றைப் பிரித்தேன். எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: கேட்பவர் இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, நாம் தரையோடு தவழ்ந்து, எங்கே சத்தம் சீராக இருக்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும். ஒன்றை அவள் நாற்காலியில் ஏற்றிவிட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டிருந்தேன். அவள் உள்ளே வந்தாள்.

“நா எந்திரிச்சுப் போன நாலே நாள்ல என்ற எடத்துக்கு வேற ஆள் வெச்சாச்சாக்கும்?”

முழங்கால் வலியோடு சிரித்தேன். கடைசியில் ஒன்று டிவிக்குக் கீழே, மற்றது எதிர்ச்சுவரின் நடுவில் என்று அமைந்தது. சாக்பீஸ் குறிகள் நான்கிலும் ஏறக்குறைய ஒரே சத்தம். நாலு இடத்தில் வெட்டிய துணி நாலும் ஒரே எடை நின்றால் வருமே, அந்த மகிழ்ச்சி! ஆனாலும் அடியாழத்து அதிர்வில் பெரியதுதான் கெட்டி. அதை அணைத்தபோது எனக்கு மனசு வரவில்லை என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு. நாற்காலியில் இருந்த ஆளை இறக்கியாகிவிட்டது; அவள் உட்கார்ந்தாள். படத்தில் மழை பிடித்தது, இடி வரப்போகிறது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். இடி இறங்கியது, தரை அதிர்ந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. ரிமோட்டுக்குக் கை நீட்டினாள்.

“இன்னுங் கொஞ்சம் சத்தமா வெச்சுக்கலாங்களா?”

நாட்குறிப்பு: ஞாயிறு, மாலை ஆறு ஐம்பது. திங்கள் காலை பெரியது கடைக்குத் திரும்புகிறது.